வலிக்காத பாதம்

ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீயைக் குடித்துவிட்டு நடந்து வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். வலது காலில் செருப்பே இல்லை. எந்த இடத்தில் கழன்றது என்று தெரியவில்லை. ஒரு காலில் செருப்பும் மறுகாலில் தார் ரோடுமாக நடந்து வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லவேளை, வேட்டி இடுப்புல இருக்கு" என்றாள்.

நானும் சிரித்தேன். அடுத்த ஓட்டப் பந்தயத்தை நினைத்துக்கொண்டே வந்ததில் கவனம் தப்பிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் இரண்டு முறை கழன்றது. செருப்புக் கடைக்காரன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இருந்தேன் என்று எழுதலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அந்த வலை மாதிரியான வெள்ளைத் துணி, அதைத்தான் எங்கள் பக்கம் தறி தறியாக நெய்து தள்ளுகிறோம். இருபத்திரண்டு வருஷம் அந்தத் துணியோடு நின்றிருக்கிறேன். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம்.

சர்க்கரை எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. என் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பிறகு பதினோரு மாதம் இருந்தார். அந்தப் பதினோரு மாதமும் கட்டிலில் கிடந்துகொண்டு அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்.

"ஏலே, எடுத்த கால என்னலே செஞ்சாங்க?"

எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் தைரியம் இல்லை. எனக்கும் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்த அன்று, அந்தக் கேள்வி வேறு எங்கும் போகாமல் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. குளிக்கும்போதெல்லாம் என் வலது காலைப் பார்ப்பேன். இதுவும் போய்விடுமா, போனால் எங்கே போகும் என்று நினைப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் ஏன் ஓடினேன் என்று கேட்பவர்களுக்கு உடம்புக்கு நல்லது என்று சொல்வேன். உண்மையில் அந்தக் கட்டிலில் இருந்துதான் ஓடினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை மிகவும் ஏறியபோது, "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க, அது போதும்" என்றார் டாக்டர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆளாக நான் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஒரு வாரம் நடந்தேன். நடப்பது கிழவர்கள் வேலையாகப் பட்டது. ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் இருநூறு அடிகூடத் தாண்டவில்லை; பால் வாங்கப் போன ஒரு அம்மா என்னை நடந்தே முந்திவிட்டார். விடவில்லை. ஆறு மாதத்தில் ஒரு சுதந்திர தினத்துக்கு நடந்த ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தை முடித்து, தகரப் பதக்கம் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன். அடுத்து பத்து. மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்கள். டாக்டர், "பரவாயில்லையே" என்றார். அந்த 'பரவாயில்லையே' எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

அதன் பிறகுதான் இருபத்தொன்று. மதுரையில் நடக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே இலக்கு வைத்தேன். தறிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு இப்படி விளக்கினேன்: ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடி, கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நிற்காமல் திரும்பி ஓடி வர வேண்டும், கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். "அதுக்குத்தான் அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ் வருதே" என்றான் ஒருவன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் இருபது வாரத்துக்கான பயிற்சி அட்டவணை ஒன்றை அனுப்பினாள். கூடவே நல்ல ஷூ ஒரு ஜோடி. அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். திங்கள் ஓய்வு, செவ்வாய் ஆறு, வியாழன் எட்டு, ஞாயிறு நீண்ட ஓட்டம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஓடி வந்ததும் வியர்வை காயும் முன் சிவப்புப் பேனாவால் டிக் போடுவேன். "என் பட்டுச் சேலையில மை ஒட்டுது, ஒங்க ஓட்டத்த வேற எங்கயாவது ஒட்டக் கூடாதா?" என்று என் மனைவி சண்டை போடுவாள். நான் காதில் வாங்கியதில்லை.

பந்தய நாள் எளிது. நம்பர் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு கூட்டத்தோடு கிளம்பினால் கால் தானாகப் போகும். முன்பின் தெரியாத பிள்ளைகள் கை தட்டுவார்கள், தண்ணீர் நீட்டுவார்கள், முடிவில் வாழைப்பழம் கொடுப்பார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் நாலு மாதம், ஐந்து மாதம் கிடக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். அப்போது கை தட்ட யாரும் இல்லை. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால், மூன்று மாதம் சேர்த்த மூச்சு போய்விடும். வயிறு மறுபடி எட்டிப் பார்க்கும். சர்க்கரை ஏறும். எனக்குப் பந்தயத்தைக் கண்டு பயமே கிடையாது. டிக் போடாத கட்டத்தைப் பார்த்தால்தான் பயம். ஒரு வெறும் கட்டத்துக்கு அடுத்தது அப்பாவின் கட்டில் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும்.

என்னோடு காலையில் ஓட வருபவன் லாரி உதிரி பாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னைவிட வேகம். ஒருநாள் ஓடிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, ஒங்க வலது கால் தப் தப்புன்னு விழுது. ஷூ போட்டுப் பாத்து வாங்குனீகளா?"

"மக வாங்கித் தந்தது. அதுக்கென்ன கொறச்சல்?" என்று வெடுக்கென்று பதில் சொன்னேன்.

அந்த நாட்களில் என் இரண்டு பாதங்களிலும், ஷூ போடாதபோதும் சாக்ஸ் போட்டிருப்பது மாதிரி இருக்கும். வலதில் கொஞ்சம் அதிகம். ஓடுகிறவனுக்குப் பாதம் தடித்துக் காய்த்துப் போகும் என்று எங்கோ படித்திருந்தேன். மற்றவர்களெல்லாம் ஓடி முடித்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது எனக்கு ஒரு வலியும் இருக்காது. அதில் எனக்குப் பெருமை வேறு. டாக்டரிடம் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போனால் காலைக் காட்டச் சொல்வார். ஓடுகிறவன் காலை நடக்கச் சொன்னவரிடம் காட்டுவதா என்று ஒரு வீம்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் பாதமே தெரியாமல் போயிற்று.

பங்குனி வந்தது. என் மனைவியின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து நான் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்த சமயத்தில், அவள் அங்கே பெரிய மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள்: சர்க்கரை குறைந்தால் என் வீட்டுக்காரர் காப்புக் கட்டிப் பூக்குழித் தணலில் இறங்குவார் என்று. இப்போது குறைந்துவிட்டது. நேர்ந்ததைச் செலுத்த வேண்டும். எனக்கும் மறுப்பு இல்லை, பக்தி உண்டு. ஆனால் அட்டவணையைப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. காப்புக் கட்டினால் பூக்குழி வரைக்கும் கிட்டத்தட்ட இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் மஞ்சள் வேட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்புக் கிடையாது, ராத்தங்கல் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். மதுரை ஓட்டத்துக்குச் சரியாக நாலு வாரம் இருந்தது. அட்டவணையில் நீண்ட ஓட்டங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான் இருந்தன.

தறிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, காப்புக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டில் உட்கார்ந்தேன். முதல் நாள் இருந்தேன். இரண்டாம் நாளும் இருந்தேன். மூன்றாம் நாள் வயிற்றைத் தடவிப் பார்த்தேன்; அதற்குள் பெருத்துவிட்டது போல இருந்தது. அட்டவணையை மடித்துக் கையோடு கொண்டு வந்திருந்தேன். மூன்று வெறும் கட்டங்கள். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "சாமி கும்புட வந்த எடத்துல என்ன ரோசன மாப்ள? செத்த கண்ண மூடிப் படுங்க" என்றார். கண்ணை மூடினால் அப்பாவின் கட்டில். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நாலாம் நாள் விடிந்ததும் மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டினேன். மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீக?"

"ஓடப் போறேன்."

"வெறுங்காலோடயா? அடுத்த வாரம் பூக்குழி. சக்கர உள்ள ஒடம்பு. முள்ளு குத்துச்சுன்னா?"

"செருப்புப் போடக் கூடாதுன்னுதான இருக்கு. ஓடக் கூடாதுன்னு யாரு சொன்னா? ஒன் நேத்திக்கடன்ல அப்படி ஏதும் இருக்கா?"

அவள் விட்ட புள்ளியில் குனிந்து கோலத்தைத் தொடர்ந்தாள். சட்டம் பேசி ஜெயித்த சந்தோஷத்தோடு கிளம்பினேன். சொந்த புத்தி இல்லாவிட்டாலும் சொல் புத்தியாவது வேண்டும். இரண்டும் அன்றைக்கு என்னிடம் இல்லை.

கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஓடினேன். காலை நேரம், தார் குளிர்ந்து கிடந்தது. காலேஜ் பஸ்கள் வரிசையாக என்னைக் கடந்து போயின. ஜன்னலில் இருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் வேட்டியும் காப்பும் கட்டி ஒருவன் ஓடுவதைக் கண்டு, அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து டீக்கடையில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். லாரிகள் வந்தபோதெல்லாம் ரோட்டை விட்டு இறங்கி ஓரத்து மண்ணில் ஓடினேன். ஓரம் முழுக்கச் சீமைக்கருவேல். வெட்டிப் போட்ட கிளைகள் அங்கங்கே கிடந்தன. எட்டு கிலோமீட்டர். ஒன்றும் குத்தவில்லை. குத்தவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு கிலோமீட்டர். ராஜபாளையத்தில் இருந்து அந்தத் தம்பியும் ஷூவோடு வந்திருந்தான். திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. அவன் முகம் சிவந்துபோயிருந்தது.

"அண்ணே, ரோடு கொதிக்குது. ஷூவுக்குள்ள எனக்கே சுடுது. ஒங்களுக்குச் சுடலையா?"

"இல்லையே."

"நெசமாவா?"

"நெசமாத்தான்டா. ஒண்ணுமே தெரியல."

அவன் ஓடிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அம்மன் அருள்ணே" என்றான். அந்த வார்த்தை எனக்கு எம்புட்டு இனித்தது என்று சொல்லி முடியாது. நானும் நம்பினேன். மூன்று வருஷம் ஓடியதற்குக் கிடைத்த கூலி அது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, கால் கழுவி, கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். பாதத்தைத் திருப்பி அடியில் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பார்த்தாலும் புழுதியும் மஞ்சளும்தான் தெரிந்திருக்கும்.

பூக்குழி அன்று தெருவெல்லாம் மஞ்சள். எனக்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஜனம். எனக்கு முன்னால் இறங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டமாகத் தாண்டினார். நான் நிதானமாக நடந்து போனேன். சூடு முகத்தில் அடித்தது, நெஞ்சில் அடித்தது. காலில் மட்டும் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் என் மனைவி நின்று கை கூப்பி அழுதுகொண்டிருந்தாள். என்னோடு இறங்கியவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதில் அம்மன் மேல் எள்ளளவும் குற்றம் கிடையாது. தணல் தணலாகத்தான் இருந்தது. என் கால்தான் காலாக இல்லை.

ராஜபாளையம் திரும்பி இரண்டு நாள் கழித்துப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடினேன், ஷூ போட்டு. அட்டவணையிலேயே நீளமான ஓட்டம். பெரிய ஓட்டம் ஒன்றும் மிச்சமில்லாமல் இனி பந்தயம்தான் பாக்கி என்கிற நிலை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எழுந்து குளியலறைக்குப் போய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, என் மனைவி நாயைத் திட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு வெள்ளை நாய் எங்கள் வீட்டுக்குள் வந்து போகும். தரையில் பழுப்பும் சிவப்புமாகச் சொட்டுகள். "அடிபட்ட கால வச்சுக்கிட்டு வீடெல்லாம் நடந்திருக்கு பாருங்க, சனியன்" என்றாள். துடைப்பதற்காகச் சொட்டுகளைப் பின்பற்றிக் குனிந்தபடியே வந்தாள். கட்டிலில் இருந்து குளியலறைக்கு, குளியலறையில் இருந்து நடைக்கு, நடையில் இருந்து என் நாற்காலிக்கு. அங்கே நின்றாள். நாயைத் திட்டுவதை நிறுத்தினாள்.

"காலத் தூக்குங்க."

தூக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு வாடை தெரிந்தது. காயம் சொல்லாததை மூக்கு சொன்னது. பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. அதற்குள் கறுப்பாக ஏதோ இருந்தது. அவள் குனிந்து அதைப் பிடுங்கி எடுத்தாள். சீமைக்கருவேல முள், விரல் நகத்தின் நீளம். என்றைக்கு ஏறியது என்று தெரியாது. நாலாம் நாளாகவும் இருக்கலாம், ஞாயிறாகவும் இருக்கலாம். அந்த முள் என் காலுக்குள் இருந்தபடியே என்னோடு பதினாறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பூக்குழி தாண்டியிருக்கிறது, பதினெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

"வலிக்கலையா?" என்றாள்.

"இல்ல."

"எடுத்தேனே, இப்ப?"

"இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் நாயைப் பார்த்தேன்.

ராஜபாளையத்தில் பார்த்த டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் ஒரு பெண் டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பிடி, அதன் முனையில் தடித்த நைலான் இழை ஒன்று. "கண்ண மூடிக்கோங்க. கால்ல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'தெரியுது'ன்னு சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் என் மனைவி மூச்சுவிடுவது கேட்டது. நான் பேசாமல் இருக்க இருக்க அவள் மூச்சு மாறியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பரீட்சையில் தோற்றால் காலை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். படிக்காமல் போன பையன் மாதிரி, குத்துமதிப்பாக இடைவெளி விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியுது." கொஞ்சம் நேரம் விட்டு, "தெரியுது." மறுபடி, "ம், தெரியுது."

"சார், கண்ணத் திறங்க" என்றார் டாக்டர். அவர் இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நான் கடைசி மூணு தடவையும் தொடவே இல்ல."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. என் மனைவி சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அதில் கொஞ்சம் பிழைத்திருப்பேன். அவர் எழுதிக்கொண்டே, "இது ரொம்ப நாளாவே இருந்திருக்கும். செருப்பு கழன்று போறது தெரியாம இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்மா" என்றாள் என் மனைவி. "நாங்க சிரிச்சோம்."

பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். மேலே பரவாமல் இருந்தால் பாதம் தப்பும், பரவினால் முழங்காலுக்குக் கீழே என்றார்கள். நான் அறுவை சிகிச்சை முடிந்து படுத்துக் கிடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே மதுரை, அதே ஞாயிறு. என் நம்பர் அட்டையை யாரும் வாங்காமல் எங்கோ ஒரு மேஜையில் கிடந்திருக்கும். காலை பத்து மணிக்கு அந்தத் தம்பி வார்டுக்குள் வந்தான். பனியன் முழுக்க உப்பு பூத்திருந்தது, கழுத்தில் பதக்கம். கையில் வாழைப்பழம். பதக்கத்தைக் கழற்றி என் தலையணைப் பக்கம் வைத்தான்.

"இது ஒங்களுக்குத்தாண்ணே. ஒங்களுக்காகத்தான் ஓடுனேன்."

"எடுத்துட்டுப் போடா!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "ஏன்டா, ஒனக்காகவே ஓட ஒனக்கு என்ன குறை? ரெண்டு காலும் இருக்கு. எடுத்துட்டுப் போ!" அவன் அழுதபடியே பதக்கத்தை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாழைப்பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனான். அம்மன் அருள் என்று அவன் சொன்னதை அவன் மறந்திருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவன் அழுதான், அதனால்தான் நான் கத்தினேன். பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை.

தினமும் கட்டு மாற்ற வரும் நர்ஸ் துணியைப் பிரிக்கும்போது, பழக்க தோஷம், நான் அந்தத் துணியை விரலில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். எங்கள் தறியில் நெய்ததா என்று சொல்ல முடியாது. நெசவு அதே நெசவுதான். ஒருநாள் இழை நெருக்கம் குறைவு என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். "அய்யா, துணிக்கு ஒண்ணும் இல்ல, காலப் பாப்போம்" என்றார். இருபத்திரண்டு வருஷமாகத் துணியைத்தான் பார்த்தேன். அது யார் காயத்துக்குப் போகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் என் மனைவி கேட்டாள். "நான் நேந்துக்கிட்டது தப்பாங்க?" எத்தனை நாளாக அதை மனதில் வைத்துக் குமைந்திருப்பாள் என்று அவள் குரலில் தெரிந்தது. அவள் மேல் பழி போட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஒருவன் யோசித்துக்கொண்டிருந்தான். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. "நேந்தது நீ, ஓடுனது நான். ஒங்க அம்மா செத்த படுங்கன்னு சொன்னாக, நீயும் வேண்டாம்னு சொன்ன" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. புண் இன்னும் மூடவில்லை. நாளை திங்கட்கிழமை மறுபடி மதுரை. நாளைக்குப் பார்த்துவிட்டுத்தான் பாதம் இருக்குமா போகுமா என்று சொல்வார்கள். இந்த ஆறு வாரமாக நான் என் அப்பாவின் கேள்வியைக் கேட்காமல் இருக்கிறேன். நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

வந்த மறுநாள் பீரோவைத் திறந்தபோது அட்டவணையைக் காணவில்லை. கிழித்துப் போட்டுவிட்டாள் என்று கோபம் வந்தது. கிழிக்கவில்லை. திருப்பி ஒட்டியிருந்தாள். பின்பக்கத்து வெள்ளையில் ஸ்கேல் வைத்து அவளே கட்டம் போட்டிருந்தாள். சர்க்கரை காலை, சர்க்கரை மாலை, கட்டு மாற்றியது, பாதம் பார்த்தது. கடைசி வரிசையில், கட்டிலில் இருந்து குளியலறை, ஊன்றுகோலோடு, குதிகாலில் மட்டும். "இது என்ன எழவு?" என்று எரிந்து விழுந்தேன். "ஒங்களுக்குக் கட்டம் இல்லாட்டி இருக்க முடியாதுல்ல?" என்று சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தாள். சேலையில் மை ஒட்டும் என்று இப்போது அவள் சொல்வதில்லை.

டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தினம் சாயங்காலம் அவள்தான் சோதிக்கிறாள். தையல் மெஷின் டப்பாவில் இருந்த நைலான் நூலை ஒரு பென்சிலில் கட்டி வைத்திருக்கிறாள். நான் கண்ணை மூட வேண்டும். அவள் தொடுவாள். முதல் வாரம் அவளிடமும் பொய் சொன்னேன். அவள் முகத்தை நினைத்து, குத்துமதிப்பாக ஒரு 'தெரியுது' போட்டேன். அவள் அதை நம்பி, கட்டத்தில் டிக் போட்டு, அடுப்படியில் போய் யாரிடமோ போனில் சந்தோஷமாகச் சொன்னது கேட்டது. அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளில் இருந்து பொய் சொல்வதில்லை.

இன்றைக்கும் சாயங்காலம் உட்கார்ந்தோம். காலை ஸ்டூலில் நீட்டி, கண்ணை மூடினேன்.

"தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

கணுக்காலுக்கு மேலே வந்தபோது, "தெரியுது" என்றேன். அது நிஜம். பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. எவ்வளவோ நேரம் ஒன்றும் இல்லை. அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன். நாளைக்கு என்ன சொல்வார்களோ என்று மனது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. தனியாக இருக்கிறோம் என்ற தைரியத்தில், இத்தனை நாள் விழுங்கியதை வாய்விட்டுக் கேட்டேன்.

"எடுத்தா அந்தக் கால என்ன செய்வாங்களோ?"

"பேசாம இருங்க" என்று மிகப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். அவள் எங்கும் போயிருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட என் பாதத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கம்.

"எம்புட்டு நேரமா பிடிச்சிருக்க?"

"நீங்க தெரியுதுன்னு சொன்னதுல இருந்து" என்றாள்.